கருவரங்கம்: ஒரு சொல்லும் அதன் உட்பொருளும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

முதல் திருவந்தாதியின் ஆறாம் பாசுரத்தில் பொய்கையாழ்வார் அருளிய ஒரு சொல்லை இம்மாத அநுபவத்துக்கு எடுத்துக்கொள்வோம். அச்சொல் ‘கருவரங்கம்’. தாயின் கருப்பை என்பது அதன் நேர்ப்பொருள். அங்கே கிடந்த காலத்திலேயே திருவரங்கத்து எம்பெருமானைக் கண்டு கைதொழுததாகவும், அவனை ஒருபோதும் மறந்தறியாததாகவும் ஆழ்வார் பேசுகிறார். இரண்டாம் திருவந்தாதியின் 87ஆம் பாசுரத்தில் பூதத்தாழ்வாரும் இதே அநுபவத்தைச் சொல்கிறார். அவர் கண்டு தொழுதது திருக்கோட்டியூர் எம்பெருமானை. ஆகவே அவர் வாக்கில் கருப்பை ‘கருக்கோட்டி’ ஆகிறது. திவ்யதேசத்தின் பெயரில் ‘திரு’ நின்ற இடத்தில் ‘கரு’ வந்து நிற்கிறது. எதுகைக்காக மட்டும் வந்த மாற்றம் என்று இதனைக் கடந்துபோக மனம் ஒப்பவில்லை. ஆழ்வார்கள் திருவும் கருவும் ஒன்றுக்கொன்று நிகராக நிற்கலாம் என்று கண்டிருக்கிறார்கள். எதனால்?

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் ‘கரு’ என்பது தாய் வயிற்றில் உருவாகும் உயிரைக் குறிக்கும். முட்டைக்குள் இருப்பதும் கரு. வெண்கரு, மஞ்சட்கரு என்று பிரித்துச் சொல்கிறோம். உலோகத்தை உருக்கி ஊற்றும் அச்சுக்கும் கரு என்று பெயர் உண்டு. கதைக்கு உள்ளீடாக நிற்பது கதைக்கரு. அணுவின் நடுவை விஞ்ஞான நூலார் அணுக்கரு என்றனர். மலையாளத்திலும் இச்சொல் இப்பொருளிலேயே வழங்குகிறது. கன்னடத்தில் ‘கரு’ என்றால் கன்று. வடமொழியின் ‘கர்ப்பம்’ தமிழில் ‘கருப்பம்’ என வந்து, ஒலியாலும் பொருளாலும் இதனோடு இரண்டறக் கலந்தது. கர்ப்பம் என்னும் சொல்லுக்கும் கிரேக்க மொழியில் கருப்பையைக் குறிக்கும் ‘டெல்ஃபுஸ்’ என்னும் சொல்லுக்கும் மூலம் ஒன்றே என்பர் மொழிநூலார். அச்சொல்லிலிருந்து கிரேக்கர் உடன்பிறந்தானை ‘அடெல்ஃபோஸ்’ என்றனர். ஒரே கருப்பையைப் பகிர்ந்தவன் என்று பொருள். நம் ‘சகோதரன்’ என்னும் சொல்லும் ‘ஸஹ உதர’, ஒரே வயிற்றினன், என்பதே. கடல் கடந்த இரண்டு நாகரிகங்கள் உறவை அளந்த அளவுகோல் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

தொல்காப்பியம் நிலத்தின் பொருள்களை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுத்தது. கருப்பொருள்களின் வரிசையில் உணவும் விலங்கும் மரமும் பறவையும் உண்டு. ஆனால் அவ்வரிசையின் தொடக்கத்தில் வைக்கப்படுவது தெய்வம். முல்லை நிலத்துக்கு அத்தெய்வம் மாயோன். ஒரு நிலத்தின் கரு யாது என்று கேட்டால், தமிழ் இலக்கணம் முதலில் இறைவனைக் காட்டுகிறது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு ஆழ்வாரிடம் திரும்புவோம்.

‘அரங்கம்’ என்பதற்கு ஆற்றிடைக்குறை என்றும் பொருள். காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ, நடுவே நிற்கும் மேட்டுநிலம் திருவரங்கம். அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையில் ஓடும் கொள்ளிடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொருளை விளக்க வேண்டியதில்லை. கருப்பையும் அவ்வாறே நீர் சூழ்ந்த இடம். பனிக்குட நீரின் நடுவே கரு மிதந்து கிடக்கிறது. அந்தச் சிறிய அரங்கத்தில் கிடந்தவர், இந்தப் பெரிய அரங்கத்தில் கிடந்தவனைக் கண்டார். கிடை இருவர்க்கும் பொது. ஒருவர் காக்கப்படுவதற்காகக் கிடந்தார், மற்றவன் காப்பதற்காகக் கிடக்கிறான்.

கர்ப்போபநிஷத்து ஒரு செய்தி கூறும். நிறைமாதக் கரு தன் முற்பிறவிகளை எல்லாம் நினைவுகூர்ந்து, இங்கிருந்து வெளியேறினால் நாராயணனைச் சரண் புகுவேன் என்று உறுதி கொள்கிறது. ஆனால் பிறக்கும் தருணத்தில் ஒரு வாயு தீண்ட, அத்தனையும் மறந்துபோகிறது. அந்த வாயுவைச் ‘சடம்’ என்று வழங்குவது நம் மரபு. அதனைச் சினந்து ஓட்டியதால்தான் நம்மாழ்வாருக்குச் சடகோபன் என்று திருநாமம். இப்பின்னணியில் பார்த்தால், மறந்தறியேன் என்ற பொருள்படப் பொய்கையார் பேசியது எத்தகைய பேச்சு என்பது விளங்கும். நாம் எல்லோரும் வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள். அவர் மறவாதவர். அதற்குக் காரணம் அவருடைய நினைவாற்றலன்று. பிறக்கும்போதே ஒருவனை மதுசூதனன் கடாக்ஷித்தால் அவன் ஸத்வகுணம் உடையவனாகி மோக்ஷத்தைச் சிந்திப்பான் என்று மஹாபாரதம் சொல்லும். ‘ஜாயமான கடாக்ஷம்’ என்று நம் ஆசார்யர்கள் எடுத்துக் காட்டுவது இதனையே. கரு தொழுதது பின்பு. அவன் பார்த்தது முன்பு.

இங்கே ஒரு கேள்வி எழும். முதலாழ்வார்கள் மூவரும் அயோநிஜர்கள் அன்றோ? பொய்கையார் காஞ்சியில் பொய்கைத் தாமரையிலும், பூதத்தார் கடல்மல்லையில் குருக்கத்தி மலரிலும், பேயார் மயிலையில் செவ்வல்லி மலரிலும் அவதரித்ததாகக் குருபரம்பரை கூறும். தாய் வயிற்றில் தங்காதவர்கள் கருவரங்கம், கருக்கோட்டி என்று பேசுவது எப்படிப் பொருந்தும்?

சொல்லின் விரிவே இதற்கு விடை தருகிறது என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. கரு என்பது பெண்ணின் வயிற்றுக்கு மட்டும் உரிய சொல்லாக என்றும் இருந்ததில்லை. மலரின் நடுவே உள்ள பகுதியைப் பள்ளிப் பாடநூல் சூலகம் என்கிறது. விதையாக வேண்டிய சூல் அதற்குள் இருக்கிறது. பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் கொல்லையிலும் இது கண்கூடு. நீர் கொண்ட மேகத்தைச் சூல் கொண்டது என்கிறோம். பசுவைச் சினைப்பசு என்கிறோம். ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் எம்பெருமானுக்கே ‘பத்மகர்ப்ப:’ என்று ஒரு திருநாமம் உண்டு. தாமரைக்கும் கர்ப்பம் உண்டு என்று ஸஹஸ்ரநாமம் ஒப்பும்போது, தாமரையில் கிடந்தவர் அதனைக் கருவரங்கம் என்றதில் என்ன முரண்? எங்கே ஓர் உயிர் மறைவாக வைத்துக் காக்கப்படுகிறதோ அங்கே கரு. காப்பவன் எவனோ அவனே அதற்கு உடையவன்.

அதே ஸஹஸ்ரநாமத்தில் ‘ஹிரண்யகர்ப்ப:’, ‘பூகர்ப்ப:’, ‘ரத்நகர்ப்ப:’ என்னும் திருநாமங்களும் உள்ளன. பூகர்ப்பன் என்பதற்குப் பூமியைக் கருவைப்போல் காப்பவன் என்பது ஸ்ரீபராசர பட்டர் காட்டும் கருத்து. ரத்நகர்ப்பனை அடுத்தே ‘தநேச்வர:’ என்று வருவது, வங்கியில் வேலை பார்த்த அடியேனைப் போன்றவர்க்குத் தனி இனிமை. தமிழில் அரசின் செல்வம் இருக்கும் இடம் ‘கருவூலம்’. கோயில் கட்டும்போது அடித்தளத்தில் ‘கர்ப்பந்யாஸம்’ என்று ஒரு கிரியை செய்வதை ஆகமங்கள் விதிக்கின்றன. தானியங்கள், ரத்தினங்கள், உலோகங்கள், பல இடத்து மண் ஆகியவற்றை அறைகள் வகுத்த ஒரு பேழையில் இட்டுப் புதைப்பர். அதன்பிறகே மேலே எழும் அறைக்குக் கருவறை என்னும் பெயர் முழுமை பெறுகிறது. பேழையை வைத்தவன் அதனை மீண்டும் எடுத்துப் பார்ப்பதில்லை. நம்பிக்கையின் மேல் வைத்த வைப்பு அது.

நம் பகுதி மண்ணே ஒரு கருவூலம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. புவியியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அதனை உலகறியச் செய்தார். அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்பர். அக்காலத்தில் இப்பகுதியில் கடல் இருந்தது. அக்கடலின் உயிர்கள் கல்லாகிக் கிடப்பதை வாரணவாசி அருங்காட்சியகத்தில் காணலாம். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே மண் தோண்டியபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவிக் கூட்டம் கூடியது. ஆய்ந்தவர்கள் அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரோடு தொடர்புடைய படிவுக் கற்கள் என்றனர். நடுவே ஒரு பொருள் இருக்க, அதனைச் சுற்றிக் கனிமம் படிந்து இறுகினால் இத்தகைய உருண்டைகள் உண்டாகும். முட்டை அன்று, ஆனாலும் உள்ளே ஒன்றை வைத்து வளர்ந்தது என்ற அளவில், மக்கள் கண்ணுக்கு அது கருவாகத் தோன்றியதில் வியப்பில்லை.

திருவாராதனத்தில் நாம் எழுந்தருளப்பண்ணும் ஸாளக்ராமத்தின் உட்சுழிகளையும் அம்மோனைட்டின் தடம் என்றே புவியியலார் சொல்கின்றனர். இதனால் நம் நம்பிக்கைக்குக் குறை ஒன்றும் இல்லை. கண்டகி நதிக் கல்லுக்குப் பிரதிஷ்டை வேண்டா என்று பெரியோர் வைத்ததற்குக் காரணம், அவன் அதனுள் தானே விரும்பி வந்து உறைகிறான் என்பதே. ஓர் உயிர் இருந்து நீங்கிய சுவடு எஞ்சிய கல்லைத் தன் இருப்பிடமாக அவன் கொண்டான் என்றால், அது அவனுடைய ஸௌலப்யத்துக்கு இன்னும் ஒரு சான்றாகிறது.

கல்லில் உறைபவனை நினைக்கும்போது கல்லங்குறிச்சி நினைவுக்கு வராமல் போகாது. அரியலூரை அடுத்த அவ்வூரில் கலியுக வரதராஜப் பெருமாள் ஸுமார் 12 அடி உயரமுள்ள கற்கம்பமாகவே எழுந்தருளியிருக்கிறார். ஸ்ரீராமநவமியில் தொடங்கும் பெருந்திருவிழாவில் சுற்றுவட்டார விவசாயிகள் விளைந்த தானியத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து சேர்ப்பர். காணாமற்போன சினைப்பசு ஒன்றைத் தேடிப்போனவர், அது காட்டில் கிடந்த கம்பத்தின்மேல் பால் சொரிந்து நிற்கக் கண்டார் என்பது தலவரலாறு. கருவுற்ற ஒரு பசு, கருவறை இல்லாத இடத்தில், கம்பத்தைக் கன்றாக நினைத்தது. தூணிலிருந்து அவன் தோன்றிய அந்த நாளை இது நினைவூட்டுகிறது. ஸ்ரீவேதாந்த தேசிகன் தசாவதார ஸ்தோத்ரத்தில் நரஸிம்ஹாவதாரத்தைச் சொல்லும்போது, அசுரன் வீட்டுத் தூண் ஒன்று நொடியில் பிரமனுக்குப் பாட்டி முறை ஆகிவிட்டது என்று வேடிக்கையாக அருளுகிறார். பிரமன் எம்பெருமானின் பிள்ளை. எம்பெருமானைப் பெற்றது தூண். ஆகவே தூண் பாட்டி. அந்தத் தூண் என்ன தவம் செய்தது? பத்து மாதம் சுமந்ததா? ஒன்றுமில்லை. அவன் அங்கே இருந்தான். அவன் நினைத்தபோது தூண் தாயாயிற்று.

இனி, இச்சொல்லை எதற்காக இவ்வளவு தூரம் நீட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

கருவைக் குறித்த சொற்களில் ஒரு கொடிய சொல்லும் நம் வழக்கில் இருக்கிறது. பிள்ளை இல்லாத பெண்ணை நோக்கிச் சொல்லப்படும் சொல். அதனை இங்கே எழுதப் போவதில்லை. இந்த மாவட்டத்துக் கிராமக் கிளை ஒன்றில் அடியேன் பணியில் இருந்தபோது, ஒரு மூதாட்டி வைப்புத்தொகை போட வந்தார். படிவத்தில் நியமனதாரர் பெயர் எழுதும் இடத்தில் கை நின்றுவிட்டது. வரிசையில் பின்னால் நின்ற உறவினர் ஒருவர் அந்தச் சொல்லை எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அம்மூதாட்டி திரும்பிப் பார்க்கவில்லை. “ஐயா, பெருமாள் பேரை எழுதிக்கலாமா?” என்று என்னைக் கேட்டார். விதிப்படி நியமனதாரர் ஒரு மனிதராக இருக்க வேண்டும் என்று சொன்னேன். சற்று யோசித்துக் கணவரின் தம்பி மகள் பெயரைச் சொன்னார். “நியமனதாரர் பணத்துக்கு உடையவர் ஆகிவிட மாட்டார் அம்மா, உரியவர்களிடம் சேர்ப்பதற்காகப் பெற்றுக்கொள்பவர்தான்” என்று வழக்கம்போல் விளக்கினேன். “அப்படின்னா பிள்ளை பெத்தவங்களும் அதுதானே ஐயா” என்றார்.

சேஷத்வத்தை இதைவிடச் சுருக்கமாக அடியேன் கேட்டதில்லை. உயிர் எம்பெருமானுக்கு உடைமை. தாயும் தகப்பனும் அதனைச் சிலகாலம் வைத்துக் காத்து உரியவனிடம் சேர்ப்பவர்கள். கரு யாருடைய ஸாதனையும் அன்று. ஆகவே கரு இல்லாமை யாருடைய குற்றமும் அன்று. கருவுறாமைக்கு உடல்வழிக் காரணம் உண்டு. அது ஆணிடத்தும் இருக்கலாம் என்பதை இன்று எந்த மருத்துவரும் சொல்வார். மருத்துவரைக் காண்பதும் வேண்டுதல் செய்வதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. பழியைப் பெண்ணின் தலையில் மட்டும் வைப்பதற்கோ சாஸ்த்ரத்திலும் இடமில்லை, விஞ்ஞானத்திலும் இடமில்லை.

பிள்ளைக்காக ஏங்குவது தவறு என்று சொல்ல வரவில்லை. தசரத சக்ரவர்த்தி நெடுங்காலம் ஏங்கினான். அவன் ஏக்கத்தை எம்பெருமான் இகழவில்லை, பிள்ளையாகவே வந்தான். ப்ரளயத்தில் உலகத்தையெல்லாம் திருவயிற்றில் வைத்துக் காத்தவன், கௌஸல்யையின் வயிற்றில் பன்னிரண்டாம் மாதம் வரை அடங்கிக் கிடந்தான் என்று வால்மீகி கணக்கிட்டுச் சொல்கிறார். திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் பத்தாம் திருமொழியில் அவன் பிறந்தபடியை நினைத்து நம்மாழ்வார் உருகுவதும் இதனாலேயே. கருவில் இருத்தல் இழிவு என்றால் அவன் அங்கே வந்திருக்க மாட்டான்.

ஆயினும், தாய்மை கருவோடு முடிந்துவிடுவதன்று என்பதையும் நம் ஆழ்வார்கள் காட்டினார்கள். கண்ணனைச் சுமந்தவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. பெற்றும் தாலாட்டப் பெறாத தேவகியின் புலம்பலைக் குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் பாடினார். பெறாமலே பெற்ற தாயாக நின்ற யசோதையின் நிலையில் பெரியாழ்வார் திருமொழி பாடினார். ஒருத்தியிடம் கரு இருந்தது, மடி வெறுமையாயிற்று. மற்றவளிடம் மடி நிறைந்தது. இருவரில் யாரைக் குறைந்தவள் என்போம்? அப்பெரியாழ்வாருக்கே, ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசிக் காட்டில் கண்டெடுத்த பெண் ஆண்டாளாக வளர்ந்தாள். திருவரங்கன் அவளை ஏற்றபோது, பெற்றவர் யார் என்று கேட்கவில்லை. வளர்த்தவரையே மாமனார் ஆக்கிக்கொண்டான். திருமந்திரம் தாய், ஆசார்யன் தந்தை என்று நம் ஸம்ப்ரதாயம் வைத்த பிறப்பிலும் கரு உண்டு. அது செவிவழியே புகுந்து உள்ளத்தில் தங்குவது. உடலால் பிள்ளை பெறாத உடையவருக்கு இன்று உலகமெங்கும் பிள்ளைகள்.

ஆகவே கருவரங்கம் என்பதன் முடிந்த பொருளை இவ்வாறு கொள்ளலாம். ஒவ்வோர் உயிரின் உள்ளும் அந்தர்யாமியாய் அவன் மறைந்து உறைகிறான். உள்ளே ஒருவனை வைத்துச் சுமக்கும் இடம் கரு என்றால், நம்மில் கரு இல்லாதவர் எவரும் இல்லை. ‘திரு’ நின்ற இடத்தில் ‘கரு’ நிற்கலாம் என்று ஆழ்வார் கண்டது இதனையே. வெறுமையான வயிறு என்று ஒருத்தியைச் சுட்டும்போது, அவளுள் இருப்பவனை இல்லை என்கிறோம். அது பாகவதாபசாரத்தின் எல்லையில் நிற்கும் பேச்சு.

இதனைப் படிக்கும் பாகவதர்களிடம் அடியேனின் விண்ணப்பம் ஒன்றே. அடுத்து நம் வீட்டில் வளைகாப்போ, ஸீமந்தமோ, திருவிழாக் காலத்து மஞ்சள் குங்குமமோ நடக்கும்போது, பிள்ளை இல்லாத பெண்மணி ஒருவர் தாமாகவே ஓரமாக ஒதுங்கி நிற்பார். ஒதுங்கப் பழக்கியவர்கள் நாம். அவரை அழைத்து முதல் தாம்பூலத்தை அவர் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது பொய்கையாழ்வாரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். கருவில் கிடந்து தொழுதவர் அவர். தாய் வயிற்றில் பிறக்காதவரும் அவர்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன்,
இராமாநுஜ தாஸன்